கொல்லிமலையில் பிறந்த கை டாக்டர்

இந்தப் பாடத்தில் வருபவரின் பெயர் பால் பிராண்ட். பால் என்றதும் சிரிக்காதீங்க, இது குடிக்கிற பால் இல்லை! ஆங்கிலப் பெயர். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் இங்கிலாந்துக்காரர்கள். ஆனால் அவர் பிறந்தது தமிழ்நாட்டில், கொல்லிமலையில். 1914ஆம் ஆண்டு, ஜூலை 17ஆம் நாள்.

உங்களில் பலர் நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பேசுகிறீர்கள். பால் உங்களுக்கு நேர் எதிர். வீட்டில் ஆங்கிலம், வெளியே போனால் தமிழ். கூட விளையாடியவர்கள் எல்லாரும் மலைக் கிராமத்துப் பிள்ளைகள். இன்றைக்குக் கொல்லிமலைக்குப் போனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் காரில் ஏறலாம், வயிற்றைக் குமட்டும். அன்றைக்கு அந்தச் சாலையே கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும்.

அப்பா ஜெஸ்ஸி பிராண்டும் அம்மா ஈவ்லினும் அங்கே மதப் பணி செய்ய வந்தவர்கள். மலையில் வேறு மருத்துவர் இல்லாததால் வைத்தியமும் அவர்களே பார்த்தார்கள். அப்பா பல் பிடுங்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், வீடும் கட்டுவார். நரம்புச் சிலந்தி என்று ஒரு புழு உண்டு. அழுக்குத் தண்ணீரைக் குடித்தால் அது உடம்புக்குள் போய், நீளமாக வளர்ந்து, கால் வழியாக வெளியே வரும். அதை ஒரு குச்சியில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல் வெளியே எடுக்க வேண்டும். சின்னப் பால் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தான். பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தான். என்ன வேலை செய்தாலும் செய்வேன், டாக்டர் மட்டும் ஆக மாட்டேன்!

அந்த நாட்களில் நடந்த ஒன்று அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. ஒரு நாள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்களுடைய கை விரல்களும் கால் விரல்களும் குட்டையாக, புண்ணாக இருந்தன. அப்பா வழக்கமாக யாரையும் வெறும் கையால் தொட்டு வைத்தியம் பார்ப்பார். அன்று மட்டும் கையுறை போட்டுக்கொண்டார். பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொன்னார் அம்மா. வந்தவர்கள் போன பிறகு, அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கு யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாலுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்கு இருந்த நோயின் பெயர் தொழுநோய்.

ஒன்பது வயதில் பாலையும் தங்கை கானியையும் படிக்க இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். அப்போது போனில் பேச முடியாது. கடிதம்தான். அதுவும் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து வர வேண்டும். 1929இல், பாலுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, கடுமையான காய்ச்சலில் அப்பா இறந்துபோனார். தந்தி உடனே வந்துவிட்டது. ஆனால் அப்பா முன்பே எழுதிப் போட்ட கடிதங்கள் அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தக் கடிதங்களைப் பிரிக்கும்போது அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்க.

பள்ளியை முடித்ததும் பால் கட்டட வேலை கற்றுக்கொள்ளப் போனார். கொத்து வேலை, தச்சு வேலை எல்லாம் ஐந்து ஆண்டுகள் பழகினார். அப்பா மாதிரி இந்தியாவுக்குப் போய் வீடு கட்டித் தரலாம் என்பது திட்டம். கிளம்புவதற்கு முன் கொஞ்சம் மருத்துவமும் தெரிந்துகொள்ளலாமே என்று ஓர் ஆண்டு வகுப்பில் சேர்ந்தார். அங்கே ஒரு இரவு, ரத்தம் நிறைய இழந்து, இறந்தவர் போல வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றுவதைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான், டாக்டர் ஆக மாட்டேன் என்ற பிடிவாதம் போய்விட்டது! லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டுகள் விழுந்த காலம் அது. காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து செய்து நல்ல சர்ஜன் ஆனார். கூடப் படித்த மார்கரெட்டைத் திருமணம் செய்துகொண்டார். 1946இல், முப்பத்திரண்டு வயதில், தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தார். வேலூரில் சி.எம்.சி. என்று எல்லாரும் சொல்கிற கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வேலை.

சரி, இப்போது கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒன்று செய்து பாருங்க. இடது கையால் வலது முன்கையை, அதாவது முழங்கைக்குக் கீழே, இறுக்கமாகப் பிடியுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். முன்கைக்குள் ஏதோ அசைகிறது, இல்லையா? விரலை இழுக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, அங்கேதான் இருக்கின்றன! அங்கிருந்து விரல் வரைக்கும் கயிறு மாதிரி ஒன்று ஓடுகிறது. அதற்குத் தசைநாண் என்று பெயர். பொம்மலாட்டத்தில் மேலே கயிற்றை இழுத்தால் கீழே பொம்மை கையை ஆட்டுகிறது அல்லவா, அதே மாதிரி. இவை தவிர உள்ளங்கையிலும் சின்னச் சின்னத் தசைகள் உண்டு. பென்சில் பிடிப்பது, பொத்தான் போடுவது, இட்லியைப் பிய்ப்பது போன்ற நுணுக்கமான வேலைகளுக்கு அவை வேண்டும்.

தொழுநோய்க் கிருமி செய்வது என்ன தெரியுமா? நரம்பைத் தாக்குகிறது. நரம்பு செத்துவிட்டால் இரண்டு கஷ்டங்கள் வரும். உள்ளங்கைச் சின்னத் தசைகள் வேலை செய்யாது. அதனால் விரல்கள் பருந்தின் நகம் போல உள்ளே மடங்கி அப்படியே நின்றுவிடும். இன்னொன்று, தொட்டால் தெரியாது, சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் வலிக்காது.

1947இல் பிராண்ட் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே இருந்த டாக்டர் காக்ரேன் இந்த நோயில் பெரிய நிபுணர். அவர் தோலில் இருக்கும் தழும்புகளைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தார். பிராண்டின் கண் மட்டும் நோயாளிகளின் கைகளையே பார்த்தது. இந்தக் கைகளைச் சரிசெய்ய யாராவது முயன்றிருக்கிறார்களா என்று கேட்டார். எலும்பு, மூட்டு சர்ஜன் யாருமே இதுவரை எட்டிப் பார்க்கவில்லை என்று பதில் வந்தது. தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் தானாக விழுந்துவிடும், அதை ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் அன்று மருத்துவர்கள்கூட நம்பினார்கள்.

விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, முடிந்த அளவு அழுத்தச் சொன்னார். லேசாகத்தான் அழுத்துவார் என்று நினைத்தார். ஐயோ, உயிர் போகிற மாதிரி வலி! நகங்கள் அவர் கையில் பதிந்துவிட்டன. வலித்த அதே நொடியில் பிராண்டுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. கை செத்துப்போகவில்லை. முன்கையில் பலமான தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அப்படியென்றால் வேலை செய்யும் ஒரு தசையை எடுத்து, வேலை செய்யாத தசையின் இடத்தில் கட்டலாமே!

இப்படி உடம்பின் ஒரு பகுதியை எடுத்து, கெட்டுப்போன இன்னொரு பகுதியைச் சரிசெய்வதை மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை என்கிறோம். பிளாஸ்டிக் சர்ஜரியில் இது ஒரு பெரிய பகுதி. அங்கே பிளாஸ்டிக் பொருள் ஏதும் வைப்பதால் வந்த பெயர் இல்லை இது. வடிவம் கொடுப்பது என்ற பொருளில் ஒரு கிரேக்கச் சொல் உண்டு, அதிலிருந்து வந்தது. உதடு பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கும், தீயில் வெந்தவர்களுக்கும், விபத்தில் கை நசுங்கியவர்களுக்கும் இன்று உங்கள் ஊர் மருத்துவமனைகளில் செய்வது இதுதான். இந்தியாவுக்கு இது புதிதும் இல்லை. அறுந்த மூக்கைக் கன்னத்துத் தோலால் திரும்பச் செய்யும் முறை பழைய சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்த புனே வைத்தியரைப் பற்றி 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. அதைப் படித்துத்தான் ஐரோப்பிய டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பிராண்டும் அவர் குழுவும் முதலில் கத்தியை எடுக்கவில்லை. நோயாளிகளின் ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு தசையையும் பொறுமையாகச் சோதித்து எழுதி வைத்தார்கள். எந்தத் தசை கெடும், எந்தத் தசை கெடாது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. முழங்கை, மணிக்கட்டு போல நரம்பு தோலுக்கு மிக அருகில் வரும் இடங்களில்தான் அது கெட்டது. முன்கையின் பல தசைகள் தப்பித்துவிட்டன. இது தெரியாமல் ஆபரேஷன் செய்திருந்தால், நாளைக்குக் கெடப்போகும் தசையை எடுத்துக் கட்டியிருப்பார்கள்.

பிறகு ஓர் இளைஞருக்கு ஆபரேஷன் செய்தார். மற்ற நோயாளிகள் பயப்படுவார்கள் என்று அன்றெல்லாம் தொழுநோயாளிகளைப் பொது மருத்துவமனையில் படுக்க வைக்கவே பலர் தயங்கினார்கள். சி.எம்.சி. இடம் கொடுத்தது. புண் ஆறாது என்று பலர் சொன்னார்கள். எல்லாருக்கும் ஆறுவதைப் போலவே ஆறியது! காலப்போக்கில் பிராண்டின் முறை இன்னும் நன்றாக வளர்ந்தது. மணிக்கட்டைத் தூக்கும் ஒரு தசையை எடுத்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணால் அதை நீட்டி, நுனியை நான்காகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கட்டுவார். கயிறு கொஞ்சம் இறுகினாலும் விரல் விறைக்கும், தளர்ந்தாலும் மடங்கும். தச்சரிடம் ஐந்து ஆண்டுகள் பழகிய கை அல்லவா, அளவு தவறவில்லை.

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்துவிடாது. மணிக்கட்டைத் தூக்க வேண்டும் என்று மூளை கட்டளை போடும், ஆனால் விரல் மடங்கும்! மூளைக்கு ஒரே குழப்பம். நோயாளி கையைப் பார்த்துப் பார்த்துப் பல வாரங்கள் பயிற்சி செய்ய வேண்டும். நீங்கள் ழகரம் பழகிய மாதிரிதான்.

முகத்துக்கும் வைத்தியம் நடந்தது. தொழுநோயில் புருவ முடி உதிர்ந்துவிடும். பார்த்த உடனே ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் தலையிலிருந்து முடி உள்ள தோலை எடுத்துப் புருவத்தில் வைத்தார் பிராண்ட். தலை முடி ஆயிற்றே, அது வளர்ந்துகொண்டே போகும்! வெட்டிக்கொள்ளச் சொன்னாலும் சிலர் கேட்கவில்லை. இத்தனை நாள் இல்லாத புருவம் வந்த சந்தோஷத்தில், நீளமாகத் தொங்க விட்டுக்கொண்டார்கள். கண் இமைக்க முடியாமல் போனால் கண் காய்ந்து பார்வை போகும். அதற்கு, மெல்ல உதவும் தசையில் ஒரு பகுதியை எடுத்து இமையில் கட்டினார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். மார்கரெட் கண் டாக்டர் ஆகி, எத்தனையோ பேரின் பார்வையைக் காப்பாற்றினார்.

இவ்வளவு செய்தும், ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போனவர்கள் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். ஒருவர் தன் புதுக் கைகளைக் காட்டி, இவை பிச்சை எடுக்க உதவாத கைகள் என்று பிராண்டிடம் சொன்னார். முன்பு மடங்கிய விரல்களைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்டார்கள். இப்போது கை நன்றாக இருக்கிறது, காசு விழவில்லை. வேலை கேட்டால், முகத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு யாரும் வேலையும் தரவில்லை. பஸ்ஸில்கூட ஏற்றவில்லை.

டாக்டர் வேலை கையைச் சரிசெய்வது மட்டும்தானே என்று பிராண்ட் விட்டிருக்கலாம். விடவில்லை. கல்லூரி வளாகத்தின் ஓரத்தில் மண் வீடுகள் கட்டி, நவ ஜீவ நிலையம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பட்டறையும் வந்தது. பிராண்டே ரம்பமும் உளியும் பிடித்து அவர்களுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். அவர்கள் செய்து விற்றது என்ன தெரியுமா? மர பொம்மைகள்!

பட்டறையில்தான் அடுத்த மர்மமும் அவிழ்ந்தது. விரல் ஏன் குட்டையாகிறது? ஒரு நாள் பிராண்ட் துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க முயன்றார். சாவி அசையவே இல்லை. சுமார் பத்து வயதுப் பையன் ஒருவன், அவனும் நோயாளிதான், வந்து ஒரே திருப்பில் திறந்துவிட்டான். டாக்டருக்கு ஆச்சரியம், இவ்வளவு சின்னக் கைக்கு இத்தனை பலமா? அப்போது தரையில் ரத்தத் துளி தெரிந்தது. பையனின் விரலில் சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை!

நீங்களும் நானும் சாவியைத் திருப்பும்போது, வலி வந்ததும் நிறுத்திவிடுகிறோம். அவனை நிறுத்த யாரும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துப்பறிவாளர்கள் போலத் தேடினார்கள். சூடான பாத்திரத்தைப் பிடித்தவர், சுத்தியலில் சிலாம்பு குத்தியதே தெரியாமல் வேலை செய்தவர், செருப்புக்குள் ஆணியோடு நாள் முழுவதும் நடந்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சிலருக்கு மட்டும் இரவு தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணவில்லை. இது எப்படி? ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தார். எலி! வலி இல்லாததால் தூக்கம் கலையவில்லை. அதற்குப் பிறகு, வீட்டுக்குப் போகும் நோயாளியோடு ஒரு பூனையும் போக வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

ஆக, நோய் விரலைத் தின்னவில்லை. வலி என்ற காவல்காரன் இல்லாததால், அன்றாட வேலைகளே விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிட்டன. பிராண்ட் மருத்துவ உலகத்துக்குச் சொன்னதில் மிகப் பெரிய விஷயம் இதுதான் என்பது என் எண்ணம். ஆபரேஷனைவிடப் பெரியது. இது தெரிந்த பிறகுதான் மரப்பிடி போட்ட பாத்திரம், மெத்தென்ற ரப்பர் செருப்பு, தினமும் கை காலைப் பார்க்கும் பழக்கம் எல்லாம் வந்தன.

பிராண்டுக்கே ஒரு முறை தூக்கிவாரிப் போட்டது. இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடிந்து, இரவு காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார். வலி இல்லை! தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவுசெய்து, இரவு முழுவதும் தூங்கவில்லை. காலையில் மறுபடியும் குத்தினார். ஆ, வலித்தது! ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். ஊசி குத்தி வலித்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டவர் வேறு யாராவது இருப்பார்களா?

வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சிக்காகத் தனி மருத்துவமனை தொடங்கியது. பல நாடுகளிலிருந்து டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டார்கள். பிராண்டிடம் படித்தவர்களில் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி ஒரு தனிப் பாடமே எழுதலாம். 1954இல் ஒரு கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவே போய்விட்டது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! பிறகு நியூயார்க்கில் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பினார்.

பிராண்டின் அம்மாவையும் விட்டுவிடக் கூடாது. வயதாகிவிட்டது, ஓய்வு எடுங்கள் என்று சொன்ன பிறகும் அவர் இங்கிலாந்துக்குப் போகவில்லை. மட்டக்குதிரையில் ஏறி மலை மலையாகச் சுற்றி மருந்து கொடுத்தார். 1974இல், தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

1966இல் பிராண்ட் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் கார்வில் என்று ஓர் ஊர். டெக்சாஸ் பிள்ளைகளே, உங்களுக்குப் பக்கத்து மாநிலம்தான்! அமெரிக்காவின் தேசியத் தொழுநோய் மருத்துவமனை அங்கேதான் இருந்தது. அங்கே அவர் குழு ஒரு விசித்திரக் கருவி செய்தது. கையுறையிலும் காலணியிலும் உணர்கருவிகளை வைத்து, அழுத்தம் அதிகமானால் ஒலி எழுப்ப வைத்தார்கள். செயற்கை வலி! உங்கள் வீட்டில் யாராவது இன்று கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்சுக்குத் தாத்தா மாதிரி. ஆனால் தோற்றுப்போனது. ஒலி வந்ததும் வேலையை நிறுத்துவதற்குப் பதிலாக, நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டார்கள். உண்மையான வலியை அப்படி அணைக்க முடியாது அல்லவா?

கார்வில்லில் இருந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் காலிலும் அதே மாதிரிப் புண்கள் இருப்பதை பிராண்ட் கவனித்தார். நோய் வேறு, ஆனால் காரணம் ஒன்றுதான். சர்க்கரை நோய் பல ஆண்டுகள் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். கல் குத்தினாலும் தெரியாது. வேலூரில் கற்றதையெல்லாம் அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார். சரியான செருப்பு, புண்பட்ட காலுக்கு அழுத்தம் படாத கட்டு, தினமும் பாதத்தைப் பார்ப்பது என எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். இதனால் வெட்டியெடுக்க வேண்டிய எத்தனையோ கால்கள் தப்பின.

இன்று தொழுநோயை மாத்திரைகளாலேயே குணமாக்கிவிடலாம். ஆனால் செத்த நரம்பு மாத்திரையால் திரும்பி வராது. அதனால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு இன்றும் தசைநாணை மாற்றிக் கட்டும் ஆபரேஷன் நடக்கிறது. பால் பிராண்ட் 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் சியாட்டிலில் இறந்தார். இன்னும் சில நாள் இருந்திருந்தால் எண்பத்தொன்பது வயது ஆகியிருக்கும்.

உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ சர்க்கரை இருந்தால், ஒன்று கேட்டுப் பாருங்க. டாக்டர் அவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாரா? அந்த இழைச் சோதனை கார்வில்லில் பிராண்டின் குழு வேலை செய்த இடத்திலிருந்துதான் மற்ற மருத்துவமனைகளுக்குப் பரவியது.